இட்லித் துணியும் ஈரிழைத் துண்டும்: சிறு தறியில் வீட்டுத் துணி நெய்யும்போது வந்த குறைகள்

கேள்வி: பாலக்கோடு, ஓய்வு பெற்ற ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் வசிக்கிறேன். தொடக்கப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற பிறகு, வீட்டுக்கு வேண்டிய துணிகளையாவது என் கையால் நெய்துகொள்ள வேண்டும் என்ற நெடுநாள் ஆசையில், மேசைமேல் வைத்து நெய்யக்கூடிய ஒரு சிறு தறியை நான்கு மாதங்களுக்கு முன் வாங்கினேன். அதன் அகலம் 24 அங்குலம். இரண்டு விழுதுச் சட்டங்கள் உண்டு. அவற்றைக் கையால் ஏற்றி இறக்க வேண்டும். இழைகளைப் பிரித்துவைக்கும் சீப்புபோன்ற அச்சு எஃகால் ஆனது, அங்குலத்துக்கு 12 பற்கள் உள்ளது. இழை நுழையும் கண் உள்ள விழுதுகள் இரு சட்டங்களிலும் சேர்த்து 400. புடவை, வேட்டி நெய்யும் எண்ணம் எனக்கு இல்லை. இட்லித் துணி, கைத்துண்டு, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணி, பலகாரத் தட்டை மூடும் துணி, இவை வந்தால் போதும்.

பாவு, அதாவது நீளவாக்கில் போகும் இழைகளை, இதுவரை இரண்டு முறை ஏற்றியிருக்கிறேன். முதல் முறை 20-ஆம் நம்பர் ஒற்றை நூலைக் கோனாக வாங்கி, அதையே பாவுக்கும் குறுக்கே போடும் ஊடைக்கும் வைத்தேன். அது ஏப்ரல் மாதம். பகல் பதினொரு மணிக்கு மின்விசிறியைச் சுழலவிட்டு நெய்ய உட்கார்ந்தால், பத்து ஊடை போடுவதற்குள் எங்காவது ஓர் இழை அறுந்துவிடும். முடிச்சுப் போட்டுப் போட்டு ஒரு சாண் துணி நெய்வதற்குள் பொறுமை தீர்ந்து, பாவை அறுத்து எடுத்துவிட்டேன். இரண்டாம் முறை கடைக்காரர் சொன்னபடி 2/20 இரட்டைப்புரி நூல் வாங்கினேன். இழை அறவில்லை. ஆனால் 18 அங்குல அகலத்தில் தொடங்கிய துணி ஒரு முழம் நெய்வதற்குள் பதினான்கரை அங்குலமாக ஒடுங்கிவிட்டது. ஓர இழைகள் அச்சின் பற்களில் சாய்ந்து உரசிப் பஞ்சு பஞ்சாக எழுகின்றன. துணியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் கொசுவலைபோல் இருக்கிறது. ஒரு பல்லுக்கு ஓர் இழை என்று கோத்திருக்கிறேன். அதுதான் முறை என்று நினைத்தேன்.

நெய்தவரையில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்புக் கட்டி போட்டுத் துவைத்தேன். துணி விறைத்துப்போனது, அதன்மேல் நீரைத் தெளித்தால் சேம்பிலையில் உருள்வதுபோல் உருண்டு ஓடுகிறது. கை துடைக்க உதவாத துண்டை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

தறியில் இன்னும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் பாவு மிச்சம் இருக்கிறது. அதையும் அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டுமா? பாவுக்குக் கஞ்சி போட்டே ஆக வேண்டுமா? துணி ஓரம் ஒடுங்காமல் நெய்வது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வேன்.

பதில்: காவேரிப்பட்டணம், நெசவுக் குடும்பத்தவர்

அம்மா அவர்களுக்கு வணக்கம். என் தந்தை சேலம் அம்மாபேட்டையில் குழித்தறியில் நாற்பது ஆண்டுகள் நெய்தவர். நான் வேறு வேலைக்குப் போய்விட்டாலும், சிறு வயதில் ஊடை நூலைச் சுற்றிவைக்கும் தார் சுற்றியும், பாவடியில் பாவு நீட்டும்போது இழை ஒதுக்கியும் பழகியவன். இப்போது வீட்டில் உங்கள் தறியைப் போன்ற ஒன்றை வைத்து நெய்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் தெரிந்தது, உங்கள் கையில் குறை இல்லை. குறை கணக்கில்தான் இருக்கிறது. நூலின் பருமனுக்கும் அச்சின் நெருக்கத்துக்கும் பொருத்தம் இல்லை.

நூல் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் இருக்கிறது என்ற கணக்கு. சிட்டம் என்பது வளையமாகச் சுற்றிய நூல்; ஒரு சிட்டம் 840 கஜம், அதாவது 768 மீட்டர். 20-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் இருபது சிட்டம். அதில் இரண்டு புரியை முறுக்கினால் 2/20. அது பருமனில் 10-ஆம் நம்பருக்குச் சமம். இந்தப் பருமனுள்ள நூலை அங்குலத்துக்கு 12 இழை என்று வைத்தால், இழைக்கும் இழைக்கும் இடையே இரண்டு மூன்று இழை நுழையும் இடைவெளி கிடக்கும். அந்த வெற்றிடத்தில் ஊடைக்குப் பிடிமானம் கிடையாது. நீங்கள் இழுக்கிற பக்கமெல்லாம் பாவு நகரும். ஓரம் உள்ளே வரும். ஆகவே ஓரம் ஒடுங்குவதும் துணி வலைபோல் இருப்பதும் உங்களுக்கு இரண்டு குறைகளாகத் தெரிந்தாலும், இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

அச்சை மாற்ற வேண்டியதில்லை. ஒரு பல்லுக்கு இரண்டு விழுதுக் கண் என்று கோத்தால் அங்குலத்துக்கு 24 ஆகிவிடும். இந்த 24-ஐ வைத்தே உங்களுக்கு வேண்டிய இரண்டு துணிகளையும் நெய்யலாம். ஒரு கண்ணுக்கு 2/20 நூலில் ஓர் இழை விட்டு, ஊடையையும் ஓர் இழையாகவே போட்டு, இடிக்காமல் மெல்ல அழுத்தி நெய்தால் கிடைப்பது இட்லித் துணி. அதற்கு அந்தத் தளர்ச்சி வேண்டும். ஆவி ஏறவும் வேண்டும், மாவு கீழே இறங்காமலும் இருக்க வேண்டும் அல்லவா? அதே கண்ணில் இரண்டு இழைகளைச் சேர்த்து விட்டு, ஊடையையும் இரண்டு இழையாகச் சேர்த்துப் போட்டால் அதுதான் நம் கடைகளில் கேட்டு வாங்குகிற ஈரிழைத் துண்டு. இணையாகக் கிடக்கும் இரண்டு இழைகள் ஒன்றோடொன்று முறுக்கப்படாதவை. அவற்றின் இடையே நீர் ஏறும். அதனால்தான் தேங்காய்ப்பூத் துண்டு வந்த பிறகும் ஈரிழைத் துண்டை விடாமல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்களிடம் 400 விழுதுகள்தாம் இருப்பதால் 18 அங்குலம் வேண்டாம். 16 அங்குலம் வையுங்கள். 16 அங்குலத்துக்கு 192 பற்கள், 384 கண்கள். இரு ஓரங்களிலும் கடைசி நான்கு பற்களில் மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்று கண்களை விடுங்கள். மொத்தம் 392 ஆகும், எட்டு விழுது மிச்சம். இந்த நெருக்கம்தான் ஓரத்துக்குக் கரைபோல் உறுதி தரும். துவைத்து உலர்ந்த பின் இந்தத் துண்டு ஏறக்குறைய 14 அங்குல அகலம் நிற்கும். நான்கு கைத்துண்டு நெய்ய, ஒவ்வொன்றுக்கும் மடிப்புத் தையலையும் சேர்த்து 28 அங்குலம் என்று வைத்தால் 112 அங்குலம். பாவு மேலும் கீழும் வளைந்து போவதால் குறையும் நீளத்துக்குப் பத்தில் ஒரு பங்கு. தறியின் முன்னும் பின்னும் நெய்ய முடியாமல் நிற்கும் பகுதிக்கு இரண்டடி. 4 மீட்டர் பாவு ஓட்டினால் சரியாக இருக்கும். 392 கண்ணுக்கு 784 இழை, ஒவ்வொன்றும் 4 மீட்டர். பாவுக்கு மட்டும் 3,136 மீட்டர். ஊடைக்கு 2,300 மீட்டர் அளவுக்கு ஆகும். பாவுக்கு ஐந்து சிட்டம், ஊடைக்கு மூன்று சிட்டம் வாங்குங்கள். 2/20 நூலில் ஒரு சிட்டம் ஏறக்குறைய 45 கிராம். எட்டும் சேர்ந்து 360 கிராம்தான். கோனாக வாங்காமல் சிட்டமாக வாங்கச் சொல்வதற்குக் காரணம், சிட்டத்தை நேரடியாக வேகவைக்கலாம், கஞ்சி போடலாம். கோனில் அது முடியாது.

ஊடை போடும் முறையைப் பற்றி. ஊடை நூலைத் தாங்கி ஓரத்துக்கு ஓரம் ஓடும் நாடாவை இழுத்துவிட்டு நேராகத் தட்டாதீர்கள். ஊடை ஒவ்வொரு பாவு இழைக்கும் மேலும் கீழுமாக வளைந்து போக வேண்டியிருப்பதால், துணியின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதல் நீளம் அதற்கு வேண்டும். அந்த நீளத்தை நீங்கள் கொடுக்காவிட்டால் அது ஓரத்தை இழுத்து எடுத்துக்கொள்ளும். ஆகவே நாடா நுழைந்த ஓரத்தில் ஊடையை லேசாகத் தொட்டுப் பிடித்து, மறு ஓரம் இரண்டு அங்குலம் உயர்ந்திருக்கும்படி சாய்வாக விட்டு, அதன் பிறகு அச்சை இழுத்துத் தட்டுங்கள். 16 அங்குலத்தில் ஓர் அங்குலம் உள்ளே வந்தால் அது இயல்பு. அதற்குமேல் வந்தால் மட்டும், இரு முனையிலும் ஊசி வைத்த அகலக் குச்சியைத் துணியின் குறுக்கே மாட்டி விரித்துப் பிடியுங்கள்; இரண்டு அங்குலம் நெய்ததும் அதை நகர்த்திக்கொண்டே வர வேண்டும். அங்குலத்துக்கு ஊடையும் 24 இருக்கட்டும். ஆசிரியர் வீட்டில் அளவுகோல் இல்லாமல் போகாது. முதல் சாண் முழுவதும் அங்குலத்துக்கு அங்குலம் வைத்து எண்ணிப் பாருங்கள், பிறகு கையே அளவு சொல்லும்.

பாவு சுற்றும்போது உருளையில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று புதையாமல் இருக்க இடையிடையே காகிதம் வையுங்கள். நான் பழைய மாதக் காலண்டரின் தடித்த தாள்களை வைக்கிறேன். சுற்றும்போது தாள் மொடமொடவென்று ஓசை எழுப்ப வேண்டும். ஓசை இல்லாமல் மெத்தென்று சுற்றினால் அந்த இடத்தில் பாவு தொய்ந்திருக்கிறது என்று பொருள். என் தந்தை பாவைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். உள்ளங்கையை விரித்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பாவின்மேல் மெல்லத் தடவிக்கொண்டு போவார். ஓரிடத்தில் கை நிற்கும். அங்கே நான்கு இழை தொய்ந்திருக்கும்.

கஞ்சி: ஒற்றை நூலைப் பாவாக வைத்தால் கஞ்சி இல்லாமல் நெய்யவே கூடாது. உங்கள் முதல் பாவு அறுந்ததற்கு அதுவே காரணம். வறண்ட வெயிலும் மின்விசிறியும் அதற்குத் துணை. பருத்தி நூல் ஈரப்பதம் இருக்கும்போது வலுவாக இருக்கும், காய்ந்தால் வலு குறையும். குழித்தறி குழியில் இருப்பதன் நன்மைகளில் அதுவும் ஒன்று. மண்ணின் ஈரம் பாவுக்குக் கிடைக்கும். இரட்டைப்புரிக்குக் கட்டாயம் இல்லை என்றாலும், பாலக்கோட்டு வறட்சிக்கு மெல்லிய கஞ்சி நல்லது என்பது என் கருத்து. இரண்டு லிட்டர் நீரில் ஒரு கைப்பிடி பச்சரிசி மாவைக் கரைத்து, கரண்டியில் ஒட்டாமல் வழியும் பதத்தில் காய்ச்சி, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, வடிகட்டி ஆறவையுங்கள். சிட்டத்தை அதில் நனைத்துப் பிழிந்து, கொடியில் மாட்டி, உலரும்வரை நடுநடுவே இரு கைகளையும் உள்ளே விட்டு வெடுக்கென்று உதறி விரித்துவிட வேண்டும். இல்லையேல் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நம் பக்கத்தில் கேழ்வரகு தாராளமாகக் கிடைக்கிறதே என்று நான் ஒருமுறை கேழ்வரகுக் கஞ்சி போட்டேன். பிடிப்பு நன்றாக இருந்தது, ஆனால் வெள்ளை நூல் பழுப்பேறிவிட்டது. கஞ்சி போட்ட நூலை மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். கரப்பானும் பூஞ்சையும் வந்துவிடும்.

பதில்: ஓசூர், ஆறு ஆண்டுகளாக வீட்டில் நெய்பவர்

அம்மா, வணக்கம். காவேரிப்பட்டணம் ஐயா சொன்ன கணக்கை நான் அப்படியே ஏற்கிறேன். கஞ்சி பற்றி மட்டும் என் அனுபவம் வேறு. 2/20 இரட்டைப்புரியில் இதுவரை ஏறக்குறைய இருபது பாவு ஏற்றியிருப்பேன்; ஒன்றுக்கும் கஞ்சி போட்டதில்லை. ஓசூர் மேட்டு நிலம், குளிர்ச்சி அதிகம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவர் கஞ்சியில் இழைகளை ஒட்டவைத்துக்கொண்டு, பாவு ஓட்டும்போது சிக்கெடுத்துச் சோர்ந்து போவதைவிட, மின்விசிறியை நிறுத்திவிட்டு விடியற்காலையில் நெய்வது எளிது. தறிக்குப் பக்கத்தில் ஓர் ஈரத் துணியைத் தொங்கவிட்டாலே போதுமான ஈரப்பதம் கிடைக்கும்.

ஈரிழையில் ஒரு சங்கடம் உண்டு. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு நூலைச் சேர்த்துத் தார் சுற்றும்போது ஒரு நூல் இறுக்கமாகவும் மற்றது தளர்வாகவும் போனால், நெய்த துணியில் தளர்ந்த நூல் சிறு சிறு வளையமாக மேலே எழுந்து நிற்கும். துண்டைத் துவைத்த பிறகு அந்த வளையங்கள் இன்னும் பெரிதாகத் தெரியும். வளையல், மோதிரம் எது பட்டாலும் இழுத்துக்கொள்ளும். நான் இரண்டு நூல் உருண்டைகளை இரண்டு எவர்சில்வர் தூக்குகளில் தனித்தனியே போட்டு, இரண்டு நூலையும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பிரித்துப் பிடித்துச் சுற்றுகிறேன். விரலில் இரண்டும் ஒரே அழுத்தத்தில் ஓடுவது தெரியும். ஒன்று நழுவினால் உடனே நிறுத்தி, ஒரு முழம் பின்னால் பிரித்துச் சுற்ற வேண்டும்.

மிச்சமிருக்கும் இரண்டு மீட்டர் பாவை அறுக்க வேண்டாம். அங்குலத்துக்கு 12 இழை என்ற அந்தத் தளர்ந்த பாவு துண்டுக்குத்தான் பொருந்தாது. கந்தல் ஊடைக்கு மிகப் பொருத்தம். வீட்டில் நைந்த பருத்தி வேட்டியோ சேலையோ இருக்கும். அதை ஓர் அங்குல அகலத்தில் நீளவாக்கில் கிழித்து, அந்தக் கிழிசலையே ஊடையாகப் போட்டு, ஒவ்வொரு வரிசைக்குப் பிறகும் பலமாகத் தட்டுங்கள். தடித்த கரித்துணியும் மேசையில் சூடான பாத்திரம் வைக்கும் விரிப்பும் கிடைக்கும். இரண்டு கிழிசல்களின் முனையைச் சேர்க்க முடிச்சுப் போடாமல், இரு முனையையும் கூராகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று நான்கு விரற்கடை ஏறும்படி வைத்தால் மேடு தெரியாது. கரித்துணிக்கு ஒன்றை மட்டும் உறுதியாகப் பாருங்கள்: பாலியஸ்டர் கலந்த துணியோ நூலோ கூடவே கூடாது. சூடான பாத்திரத்தில் அது உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள்; பருத்தி காகிதம்போல் எரிந்து மென்மையான சாம்பலாகும், பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கடினமான கரிய மணியாக நிற்கும்.

பதில்: அரூர், நூல் வேகவைத்துச் சாயம் போட்டுப் பழகியவர்

அம்மா, உங்கள் துண்டு நீரை உறிஞ்சாததற்கு நெசவு காரணம் இல்லை. ஆலையிலிருந்து வரும் வெளுக்காத பருத்தி நூலில் பஞ்சின் இயற்கையான மெழுகு அப்படியே இருக்கும். அது நீரைத் தள்ளும். அதன்மேல் நீங்கள் கடின நீரில் சோப்புக் கட்டி போட்டுத் துவைத்திருக்கிறீர்கள். கடின நீரிலுள்ள சுண்ணமும் சோப்பும் சேர்ந்து வழவழப்பான கசடாகித் துணியில் படிந்துவிடும். விறைப்பு அதனால்தான் வந்தது. நெய்த துண்டை எறிய வேண்டாம், அதை மீட்டுவிடலாம்.

ஒரு பெரிய பாத்திரத்தில் துணி முழுகி மிதக்கும் அளவுக்கு நீர் வைத்து, 360 கிராம் நூலுக்கு இரண்டு தேக்கரண்டி சலவைச் சோடா போட்டு, ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். சலவைச் சோடா வேறு, ஆப்ப சோடா வேறு. கடையில் கேட்கும்போது கவனம் தேவை. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதை அரிக்கும், எவர்சில்வர் நல்லது. அரை மணியில் நீர் வெளிர் தேநீர் நிறமாக மாறும். அதுதான் மெழுகும் அழுக்கும் வெளியேறுவது. சலவைச் சோடா நீரின் கடினத்தையும் குறைக்கும் என்பதால் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே இதைச் செய்யலாம். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மழைநீரோ ஒகேனக்கல் குடிநீரோ கிடைத்தால் துணி தனி மென்மையோடு வரும். பிறகு ஒரு சொட்டு நீரை மேலே விட்டுப் பாருங்கள். உடனே பரவி மறைந்தால் வெந்தது சரி, உருண்டு நின்றால் இன்னும் ஒருமுறை கொதிக்கவையுங்கள். அடுத்த முறை சிட்டமாக வாங்கியவுடன் நெய்வதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். நூல் சுருங்குவதில் ஒரு பகுதி அப்போதே சுருங்கிவிடும். சிட்டத்தை நான்கு இடத்தில் தளர்ச்சியாக எட்டு வடிவில் கட்டிய பிறகே நீரில் இறக்க வேண்டும். கட்டாமல் கொதிக்கவைத்த சிட்டத்தைப் பிரிக்க ஒரு நாள் போதாது.

சாயத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் கரை போடும் ஆசை அடுத்து வரும் என்பதால் சொல்கிறேன். கரைக்கு வாங்கும் வண்ண நூல் கெட்டிச் சாயமாக இருக்க வேண்டும். வாங்கியவுடன் ஒரு முழ நூலை வெள்ளைத் துணித் துண்டோடு சேர்த்துச் சுற்றி, சோடா கலந்த வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் நிறம் இறங்குகிறதா என்று பாருங்கள். இட்லித் துணிக்கு மட்டும் எந்தச் சாயமும் வேண்டாம். அது சோற்றோடு சேர்ந்த பொருள். வெள்ளையாகவே இருக்கட்டும், கஞ்சி போட்டிருந்தால் அதையும் கொதிநீரில் முழுமையாகப் போக்கிவிட்ட பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும்.

கேட்டவர்: பாலக்கோடு, ஏழு வாரங்களுக்குப் பிறகு

ஐயாவுக்கும் ஓசூர் சகோதரிக்கும் அரூர் அன்பருக்கும் என் நன்றி. செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தேன்.

மிச்சப் பாவில் என் தாயாரின் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து ஊடையாகப் போட்டேன். நைந்துபோய்க் கட்ட முடியாமலும் எறிய மனமில்லாமலும் பதினைந்து ஆண்டுகளாகப் பெட்டியில் கிடந்த சேலை அது. இரண்டு கரித்துணியும் ஒரு மேசை விரிப்பும் வந்தன. கிழித்த இடமெல்லாம் சுங்குடிப் புள்ளிகள் பாதி பாதியாக மேலே தெரிகின்றன. அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தபோது எண்ணிய புள்ளிகள் அவை.

பிறகு எட்டு சிட்டம் வாங்கி வேகவைத்தேன். நீர் தேநீர் நிறமாவதைக் கண்ணால் கண்டேன். கஞ்சி பற்றிய கருத்து வேறுபாட்டில் நான் ஓசூர் சகோதரி சொன்ன வழியில் போனேன்: நூலுக்குப் போடவில்லை, விடியற்காலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை மட்டும் நெய்தேன். நான்கு துண்டுக்கும் சேர்த்து அறுந்தவை மூன்று இழைகள்தாம். முதல் துண்டின் ஓரம் பாம்புபோல் நெளிந்தது. மூன்றாவது துண்டிலிருந்து நேராகிவிட்டது. ஓசூர் சகோதரி எச்சரித்த வளையங்கள் முதல் துண்டில் நிறைய உண்டு, தூக்குகளை வைத்துச் சுற்றிய பிறகு அரிதாகிவிட்டன. துவைத்து உலர்த்தி அளந்தேன்: அகலம் பதினான்கேகால் அங்குலம். ஒரு சொட்டு நீர் விட்டவுடன் பரவி மறைகிறது.

இப்போது ஒரு கேள்வி மட்டும் மிச்சம். 392 கண்களிலும் நூல் கோக்க எனக்கு நான்கு நாள் பிடித்தது. கண் பார்வை முன்போல் இல்லை. அடுத்தும் இதே அகலத்தில் ஈரிழைத் துண்டே நெய்ய நினைக்கிறேன். மறுபடியும் முதலிலிருந்து கோக்காமல் இருக்க வழி உண்டா? கடைசித் துண்டை இன்னும் தறியிலிருந்து அறுக்கவில்லை. மூன்று துண்டுகளை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறேன்.

பதில்: காவேரிப்பட்டணம், நெசவுக் குடும்பத்தவர்

அம்மா, அறுக்காமல் கேட்டீர்களே, அது நல்லதாயிற்று. பாவை விழுதிலிருந்து உருவி எடுத்துவிடாதீர்கள். நெசவுக் குடும்பங்களில் ஒவ்வொரு பாவுக்கும் புதிதாகக் கோப்பதில்லை; பழைய பாவின் நுனியோடு புதிய பாவைப் பிணைத்துத்தான் இழுப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையைப் பாட்டி செய்வார். விரலில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழையையும் புதிய இழையையும் சேர்த்து ஒரு திருகு திருகி மடித்துவிடுவார், முடிச்சே இருக்காது. அந்தத் திருகு கைக்கு வர நாளாகும் என்பதால் நீங்கள் முடிச்சே போடலாம்.

செய்ய வேண்டியது இது. நான்காவது துண்டை வெட்டும்போது அச்சுக்கு முன்னால் ஒரு சாண் நூல் நிற்கும்படி விட்டு வெட்டுங்கள். இருபது இழைக்கு ஒரு தளர் முடிச்சாக உடனே கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் அச்சிலிருந்து பின்னோக்கி வழுவிப் போய்விடும். பிறகு பின் உருளையில் மிச்சமிருக்கும் பழைய பாவை, விழுதுக்குப் பின்னால் ஒரு சாண் விட்டு அறுங்கள். புதிய பாவை அதே இழைக் கணக்கில், ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகப் போகும் குறுக்கோடு ஓட்டி, பின் உருளையில் காகிதம் வைத்துச் சுற்றி, குறுக்கில் இரண்டு குச்சிகளைச் செருகி, விழுதுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். பாவு இழைகளின் வரிசையைக் குறுக்கு காட்டிக்கொடுக்கும். இடது ஓரத்திலிருந்து பழைய இணை ஒன்றை எடுத்து, புதிய இணை ஒன்றோடு சேர்த்து முடியுங்கள். ஈரிழை என்பதால் 784 முடிச்சு தேவையில்லை; 392 போதும். பார்வையைவிட விரலுக்கே இதில் வேலை அதிகம், ஆகையால் உங்களுக்கு இது எளிதாக இருக்கும்.

முடிச்சுகளை ஒரே நேர்க்கோட்டில் போடாமல் சற்று முன்பின்னாகப் போடுங்கள். எல்லாம் ஒரே வரிசையில் இருந்தால் விழுதுக் கண்ணில் கூட்டமாக வந்து முட்டும். முன்னாலிருந்து இழுக்கும்போது ஒருவர் பின் உருளையை மெல்லத் தளர்த்தி உதவினால் நல்லது. விழுதைக் கடக்கும்போது சட்டங்களை ஏற்றி இறக்கிக்கொண்டே இழுங்கள். அச்சின் பற்களில் முடிச்சு மாட்டினால் பலமாக இழுக்க வேண்டாம்; அந்த முடிச்சை மட்டும் விரலால் தூக்கிவிட்டால் கடந்துவிடும். அச்சைத் தாண்டி எல்லா முடிச்சும் முன்னால் வந்த பிறகு பழைய நூலை முன் உருளையில் கட்டி, முதல் நான்கு விரற்கடைக்குப் பழைய வேட்டிக் கிழிசலை ஊடையாகப் போட்டுப் பாவைப் பரப்பிவிட்டு, அதற்குமேல் துண்டைத் தொடங்குங்கள்.